அறிகுறியை அறிகுறியாகவே எழுதுங்கள்

சேலத்தில் மருத்துவக் கோடிங் இன்று ஊரறிந்த வேலை. இங்குள்ள நிறுவனங்கள் அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை இங்கிருந்தே படித்துக் குறியீடு போட்டுத் தருகின்றன. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் உயிரியலோ மருந்தியலோ செவிலியமோ படித்தவர்கள் சில மாதம் பயிற்சி எடுத்து, சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வு எழுதி, கோடராக வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்கள் முன்னால் வரும் சார்ட்டுகளில் தவறாமல் தென்படும் ஒரு புகார், சிறுநீர் வந்துவிட்டால் பொறுக்கவே முடியவில்லை என்பது. சோதனை முடிவு எதுவும் வராத நிலையில் அதற்கு அவர்கள் போடும் குறியீடு ஆர்39.15. சிறுநீர் அவசரம் என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்லாது. இதே புகாரோடு நம் ஊரில் ஒருவர் கிளினிக்குக்குப் போனால், பெரும்பாலும் சீட்டில் ‘யுடிஐ’ என்று மூன்றெழுத்து இருக்கும். அதன் கீழே ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். முதல் பதிவு ஒரு தொந்தரவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இரண்டாவது பதிவு சிறுநீர்த் தொற்று என்று ஒரு நோயை முடிவு செய்துவிடுகிறது. நோயின் பெயரைச் சொல்வதுதான் மருத்துவரின் திறமை என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் காரணம் தெரியாதபோது அறிகுறியை மட்டும், முழுமையாக, எழுதி வைப்பதுதான் அறிவியலுக்கு நெருக்கமானது. கடல் கடந்த நோயாளிகளுக்காக இங்கே தினமும் கடைப்பிடிக்கப்படும் அந்த ஒழுங்கு, சேலம், நாமக்கல் நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

முதலில் அவசரம் என்பது என்னவென்று பார்க்கலாம். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். நிரம்ப நிரம்ப அதன் தசைச்சுவர் தளர்ந்து இடம் கொடுக்கிறது. அதனால் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. பையின் சுவரிலுள்ள நரம்புகள் நிலவரத்தைத் தண்டுவடம் வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் சிறுநீர் கழிக்கும் செயலை இயக்குகிறது. இப்போது வேண்டாம், பொறு என்று அதை அடக்கி வைப்பது பெருமூளையின் முன்பகுதி. இயல்பான உணர்வு மெதுவாக எழும்; கவனத்தைத் திருப்பினால் சற்று அடங்கவும் செய்யும். அவசரம் அப்படியல்ல. திடீரென எழுந்து, தள்ளிப்போடக் கடினமாக, ஆளை எழுப்பி ஓட வைக்கும் உந்துதல் என்றே சர்வதேச சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் கழகம் 2002இல் அதை வரையறுத்தது. இந்த வரையறையில் எந்த நோயின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளி உணர்ந்து சொல்வது மட்டுமே அதில் இருக்கிறது. அவசரத்தை நேரடியாக அளந்து காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவது ஒன்றே வழி என்பதால், இந்த அறிகுறியைப் பொறுத்தவரை குறிப்பெடுப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இந்த ஒரே புகாருக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று பட்டியலிட்டால், அவசரப்பட்டுப் பெயர் வைப்பதன் ஆபத்து விளங்கும். பாக்டீரியா தொற்று ஒரு காரணம்தான்; இளம்பெண்களிடம் எரிச்சலோடு சேர்ந்து திடீரென வந்தால் அதுவே பெரும்பாலும் உண்மையான காரணமும்கூட. ஆனால் ஐம்பது தாண்டிய ஆணுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் திசுக்கள் மெலிந்திருக்கலாம். சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதியில், பையின் வாசலருகே சிக்கிய கல் அச்சு அசலாகத் தொற்றைப் போலவே தொந்தரவு தரும். பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் மூளையின் அடக்கும் ஆற்றலைக் குலைக்கும். சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருந்தால் சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரியும், வழக்கமான கல்ச்சரில், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனையில், எதுவும் வளராது. சிறுநீர்ப்பையின் உட்பூச்சில் பரவும் ஒருவகைத் தொடக்கநிலைப் புற்றுநோயும் எரிச்சலும் அவசரமுமாகவே தலைகாட்டலாம். இவை எதுவும் இல்லாமல் பையே அளவுக்கு மீறிச் செயல்படும் நிலையும் உண்டு.

இவற்றோடு சர்க்கரை நோயையும் சேர்க்க வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கும். தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அப்போது பை சீக்கிரம் நிரம்புகிறது. பையில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. இதே வேலையை மருந்தும் செய்யும். டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் அதன் அளவைக் குறைக்கிறது. 2020இல் அதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் அது இந்தியா முழுக்கப் பரவலாக எழுதப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்த சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்துப் பையின் உணர்வையே மாற்றவும் கூடும். அதாவது சர்க்கரை நோயாளி ஒருவர் சொல்லும் அவசரத்துக்கு மருந்து, சர்க்கரை அளவு, நரம்பு, தொற்று என நான்கு விளக்கங்கள் ஒரே நேரத்தில் பொருந்தும். எது என்று முதல் சந்திப்பில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

குறியீட்டு முறை இந்த நிச்சயமின்மையை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்க்கலாம். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் 70,000க்கும் மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. ‘ஆர்’ எழுத்தில் தொடங்குபவை அறிகுறிகளுக்கும் இயல்புமீறிய சோதனை முடிவுகளுக்கும் உரியவை. அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆர்35.0, இரவில் எழுந்து போதல் ஆர்35.1, கழிக்கும்போது வலி ஆர்30.0, அவசரம் ஆர்39.15. நோயாளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாலும் இவை வேறு வேறு தகவல்கள். அவசரம் முற்றி, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்துவிட்டால் ஆர்39.15 பொருந்தாது, என்39.41 என்ற அவசரக் கசிவுக் குறியீடு போட வேண்டும். அதைப் போட்ட இடத்தில் ஆர்39.15ஐச் சேர்த்துப் போடக் கூடாது என்று தொகுப்பே தடுக்கிறது. அளவுமீறிச் செயல்படும் பை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால் என்32.81. புராஸ்டேட் வீக்கமென்றால் என்40.1 போட்டு, அதனால் வந்த அவசரத்துக்கு ஆர்39.15ஐத் துணையாகவும் சேர்க்கச் சொல்கிறது. ஒரு நோயின் இயல்பான அங்கமாக வரும் அறிகுறியைத் தனியாகக் குறிக்கக் கூடாது என்பதே பொது விதி. புராஸ்டேட்டுக்கு ஏன் விலக்கு? வீக்கம் இருக்கும் எல்லா ஆண்களுக்கும் ஒரே தொந்தரவு வருவதில்லை என்பதால், யாருக்கு எது என்று எழுதினால்தான் சிகிச்சையின் தேவை தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சந்தேக நோய்கள் பற்றிய விதி. புறநோயாளிக் குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘அதுவா என்று பார்க்க வேண்டும்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால், அந்த நோயின் குறியீட்டைப் போடக் கூடாது. அந்தச் சந்திப்பில் உறுதியாகத் தெரிந்த அளவுக்கு, பெரும்பாலும் அறிகுறியை மட்டும், குறிக்க வேண்டும். உதாரணமாக ஒரு சார்ட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வயது 58, ஆண், இரண்டு மாதமாக அவசரம், இரவில் மூன்று முறை எழுகிறார், காய்ச்சல் இல்லை, கசிவு இல்லை, தொற்றா என்று பார்க்கக் கல்ச்சர் அனுப்பப்பட்டது. கோடர் இங்கே போட வேண்டியது ஆர்39.15, ஆர்35.1. ஆய்வகத் தாளில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதை அவரே கண்டாலும் தொற்றின் குறியீட்டைப் போட அவருக்கு உரிமையில்லை. நோயை முடிவு செய்வது மருத்துவர். குறிப்பு தெளிவாக இல்லையென்றால் கோடர் அவருக்குக் கேள்வி அனுப்பலாம். அந்தக் கேள்வியும் ஒரு குறிப்பிட்ட பதிலை நோக்கித் தள்ளுவதாக இருக்கக் கூடாது.

இந்த விதியைக் கணக்கர்களின் கெடுபிடி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதை மீறினால் என்ன ஆகிறது என்று பார்த்தால் அதன் மருத்துவ நியாயம் தெரியும். உறுதியாகாத தொற்று ‘யுடிஐ’ என்று சீட்டில் ஏறிய கணத்தில் தேடல் நின்றுபோகிறது. அடுத்த முறை வேறொரு மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்து, ‘ஏற்கெனவே தொற்று வந்தவர்’ என்ற இடத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவார். முன்னது ஊகம் என்பது இரண்டாவது சீட்டில் தெரியாது. மூன்றாவதில் அது ‘அடிக்கடி தொற்று வருபவர்’ என்ற வரலாறாகவே மாறிவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சில பெண்களிடம் பலமுறை தொற்றென்று மருந்து கொடுக்கப்பட்ட பிறகே கண்டறியப்படுவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த சிக்கல். இன்னொரு புறம், முதியோரிடமும் சர்க்கரை நோயுள்ள பெண்களிடமும் எந்தத் தொந்தரவும் தராமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சகஜம். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களும் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். மாத்திரையால் அவசரம் நீங்கிவிட்டதென்று நோயாளி நினைக்கலாம். உண்மையில் கல் தானாக இறங்கியிருக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கலாம். தேவையற்ற ஆன்டிபயாடிக் மிச்சம் வைத்துப் போவது மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. கோடிங் என்பது காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் வாங்கும் கருவி. அதில் அறிவியலைத் தேடலாமா? உண்மைதான், அமெரிக்காவில் இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் பில் போடும் தேவை. விதிகளும் முழுக்க அறிவியல் தர்க்கத்தில் நிற்கவில்லை. மேலே சொன்ன சந்தேக நோய் விதி புறநோயாளிகளுக்கு மட்டும்தான். உள்நோயாளி வீடு திரும்பும்போது ‘இருக்கலாம்’ என்று எழுதப்பட்ட நோயை, இருப்பதாகவே கொண்டு குறியிட அதே நெறிமுறை அனுமதிக்கிறது. படுக்கையில் வைத்துச் சோதித்ததற்கான செலவை நியாயப்படுத்த ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆனால் ஒரு கருவி எதற்காகப் பிறந்தது என்பதும் எதற்கு உதவும் என்பதும் வேறு. அமெரிக்கத் தொகுப்புக்கு மூலமான ஐசிடி பட்டியலே 1893இல் இறப்புக் காரணங்களை எண்ணுவதற்காகப் பிறந்ததுதான். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்து ஆறாவது திருத்தம் பெற்றபோதுதான் உயிரோடிருப்பவர்களின் நோய்களும் அதில் முறையாக இடம்பெற்றன. பில்லுக்காக வந்த விதிகளில், ‘எது கவனிக்கப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது’ என்பதைப் பிரித்து வைக்கும் பழக்கம் மட்டும் எந்த நாட்டு மருத்துவத்துக்கும் பொருந்தும். அதை எடுத்துக்கொள்ள அமெரிக்கக் காப்பீட்டு முறையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் நேரம் பற்றியது. காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஒருவருக்கு ஓரிரு நிமிடம் ஒதுக்குவதே பெரிது. கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க நோயாளிக்கும் வசதியில்லை, கூலியை விட்டுவிட்டு மறுபடி வரவும் முடியாது. ஆகவே ஊகித்து மருந்து கொடுப்பதே நடைமுறை என்பார்கள். ஊகித்து மருந்து கொடுப்பதை இந்தக் கட்டுரை மறுக்கவில்லை. எரிச்சலோடு வரும் இளம்பெண்ணுக்குக் கல்ச்சருக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவது சரியான மருத்துவமே. சிகிச்சை ஊகத்தில் தொடங்கலாம்; பதிவு அதை ஊகமென்றே சொல்ல வேண்டும். ‘அவசரம், 5 நாள், எரிச்சல் உண்டு, காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, சர்க்கரை உண்டு, தொற்று எனக் கருதி மருந்து’ என்று எழுத அரை நிமிடம் போதும். இதில் ‘எனக் கருதி’ என்ற சிறு குறிப்பு அடுத்த மருத்துவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. ‘ரத்தம் இல்லை’ போன்ற எதிர்மறைக் குறிப்புகளும் அப்படியே. கேட்காமல் விட்டதற்கும் கேட்டு இல்லையென்று அறிந்ததற்கும் வெறும் சீட்டில் வித்தியாசம் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ரத்தம் வந்தால், அது புதிதாக வந்ததா என்பதை அந்த இரண்டு சொல்லே தீர்மானிக்கும்.

நோயாளியிடமிருந்து தகவல் வருவதிலும் சிக்கல் உண்டு. ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லி வருபவரிடம் எரிச்சலும் இருக்கலாம், சொட்டுச் சொட்டாகப் போவதும் இருக்கலாம், அவசரமும் இருக்கலாம். எது என்று இன்னொரு கேள்வி கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கசிவை, அதுவும் ஆண் மருத்துவரிடம், பெண்கள் தாமாகச் சொல்வது அரிது. வேலையும் முக்கியமான தகவல். நாமக்கல் லாரி ஓட்டுநரும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிக்காரரும் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால்தான் ஒதுங்க முடியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்கூடத்தில் ஓடும் தறியை விட்டு நினைத்தபோது நகர முடியாது. அடக்கி வைப்பதும், போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அந்த வேலைகளின் விளைவுகள். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். அதனால் ‘வேலை: விசைத்தறி’ என்ற ஒரு குறிப்பு சீட்டில் இருப்பது அலங்காரமல்ல. இதோடு, மூன்று நாள் எப்போது, எவ்வளவு சிறுநீர் போனது என்று நோயாளியே வீட்டில் குறித்துவரும் தாள் பல கேள்விகளைச் செலவில்லாமல் தீர்த்துவிடும். முதியவர் ஒருவருக்கு நாள் முழுவதும் வரும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே வருகிறதென்றால், கோளாறு பையில் இல்லாமல் இதயத்திலோ சிறுநீரகத்திலோ மாலையில் போடும் மாத்திரையிலோ இருக்கலாம். பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தை அவருக்குக் கொடுத்தால் பயன் குறைவு; வாய் வறட்சியும் மறதிக் குழப்பமும்தான் மிஞ்சக்கூடும்.

தனி நோயாளிக்கு அப்பால், ஒரு மாவட்டத்தின் சுகாதாரக் கணக்கிலும் இந்தக் குறை தெரிகிறது. நம்மிடம் உள்ள பெரிய கணக்குகள் இறப்பையும் உள்நோயாளிச் சிகிச்சையையும் சுற்றியே இருக்கின்றன. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் இறப்புக் காரணச் சான்று ஐசிடி முறையில் தொகுக்கப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைத் தொகுப்புகளை மையமாகக் கொண்டது. புராஸ்டேட் அறுவை அதில் பதிவாகும். அறுவைக்கு முன் ஐந்தாறு ஆண்டு ஒருவர் அவசரத்தோடு ஓடியது எதிலும் பதிவாகாது. அவசரம் யாரையும் கொல்வதில்லை. ஆனால் இரவில் இருட்டில் ஓடி வழுக்கி விழுந்து இடுப்பு உடைவதும், பேருந்துப் பயணத்தை அஞ்சி வெளியே போவதை நிறுத்துவதும், தறி வேலையை விடுவதும் அதனால் நேர்பவை. எலும்பு முறிவு கணக்கில் வரும், காரணம் வராது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். இந்தத் தொந்தரவுள்ள முதியோரில் பலரை ஏற்கெனவே சந்திப்பவர்கள் அவர்களே. ‘இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், பொறுக்க முடிகிறதா’ என்ற ஒரு கேள்வியையும் அதன் பதிலையும் அவர்களின் பதிவில் சேர்க்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டிய எதிர்வாதம் ஒன்று மிஞ்சுகிறது. அறிகுறியை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்குவது மருத்துவச் சோம்பலுக்கு நல்ல மறைவிடம் ஆகாதா? ஆகும். ஆறு மாதம் கழித்தும் ஒருவரின் குறிப்பில் ஆர்39.15 மட்டுமே இருந்தால், அது அடக்கமல்ல, அலட்சியம். கோடிங் நெறிமுறையும் உறுதியான நோய் தெரிந்தபின் அறிகுறிக் குறியீட்டில் நிற்க அனுமதிப்பதில்லை. ஆகவே அறிகுறிப் பதிவுக்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து என்பது, அடுத்து என்ன பார்க்கப் போகிறோம் என்பது. சிறுநீர்ச் சோதனை, ரத்தச் சர்க்கரை, கழித்தபின் பையில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்ற ஸ்கேன் அளவு ஆகிய மூன்றும் முடிந்தாலே பாதி வழி தெளிந்துவிடும். எல்லாச் சோதனையும் முடிந்து வேறு காரணம் இல்லையென்று உறுதியான பிறகே ‘அளவுமீறிச் செயல்படும் பை’ என்ற பெயருக்கு அர்த்தம் வருகிறது. அதன் வரையறையே மற்றக் காரணங்களை விலக்கிய பின் மிஞ்சுவது என்பதுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் சிகிச்சையும் இருக்கிறது: இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பயிற்சி, அடியிடுப்புத் தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் மிராபெக்ரான் போன்ற மருந்து.

இனி இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. குறிப்பைப் படித்துக் குறியீடு போடும் மென்பொருள் ஏற்கெனவே கோடர்களின் மேசைக்கு வந்துவிட்டது. எழுதியதை அது மனிதரைவிட வேகமாகப் படிக்கும். ஆனால் கேட்காத கேள்விக்கான பதிலை அதனால் படிக்க முடியாது. இந்தியாவில் மின்னணுப் பதிவுக்கான கட்டமைப்புக்கும் குறைவில்லை: ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொல்தொகுப்பில் நாடு 2014 முதல் உறுப்பினர், 2021இல் தேசிய அளவில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் பதிவு செய்வோருக்கு 14 இலக்க அடையாள எண் தருகிறது. அந்த எண்ணோடு இணைந்து ஆயுளுக்கும் கூடவே வரப்போவது அவசரத்தில் எழுதிய ‘யுடிஐ’ என்றால், தவறு முன்பைவிட வேகமாகவும் தூரமாகவும் பயணிக்கும். காகிதச் சீட்டாவது தொலைந்து போகும். ஆகவே முதலில் சீராக வேண்டியது முதல் குறிப்பு. அதைச் சீராக்கும் பயிற்சிக்கு வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை. எந்தக் குறிப்பில் எந்தத் தகவல் விடுபட்டிருக்கிறது என்பதை நாள்தோறும் கண்டுபிடிப்பதே சேலத்துக் கோடர்களின் வேலை. சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குக் குறிப்பெடுக்கும் பாடத்தில் அவர்களை அழைத்து, பெயர் நீக்கிய புறநோயாளிக் குறிப்புகளைத் தணிக்கை செய்து காட்டச் சொன்னால், ஊகம் எது, கண்டது எது என்று பிரித்து எழுதும் பழக்கம் மருத்துவர்களுக்குத் தொழிலின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.